வியன்னாவும் சேலமும், 1938

ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்த காலம். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ படத்தைத் தயாரித்தது. 1938 ஜனவரி 19 அன்று அது வெளியானது. பல மொழிக்காரர்கள் ஒரே வளாகத்தில் கூடிப் படமெடுத்தது, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் நம் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதிக்கு எளிதில் புரியும்.

வியன்னாவும் அப்படிப்பட்ட பலமொழி நகரம்தான். ‘மெட்ரோபொலிஸ்’ (1927) எடுத்த ஃபிரிட்ஸ் லாங் அங்கே பிறந்தவர். இயக்குநர் பில்லி வைல்டர் அங்கே வளர்ந்தவர். ஜெர்மனியில் பணியாற்றிவந்த இருவரும் 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அங்கிருந்து வெளியேறினர். ஜெர்மன் சந்தையை நம்பியிருந்த ஆஸ்திரியப் படத்துறை, யூதக் கலைஞர்களை அப்போதே ஒதுக்கத் தொடங்கிவிட்டது. வெட்கக்கேடான உண்மை இது. ‘பாலன்’ வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச் 12 அன்று ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஒரு தலைமுறைக் கலைஞர்களை வியன்னா இழந்தது. ஹாலிவுட் அவர்களால் செழித்தது.

ஐரோப்பியக் கதைகள் சேலத்துக்கும் வந்தன. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துய்மாவின் கதையைத் தழுவி 1940-இல் ‘உத்தம புத்திரன்’ உருவானது. பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். அக்காலத்தில் இரட்டை வேடக் காட்சிகளை லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுப்பார்கள். பின்பு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து அதே சுருளில் மீண்டும் எடுப்பார்கள். இடையில் கேமரா இம்மியும் அசையக் கூடாது.