குழந்தைக்கு என்ன நோய்? அதற்கு முன் கேட்க வேண்டியது: எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஐப்பசி மழை நான்கு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் முடிச்சூர், வரதராஜபுரம், மாடம்பாக்கம், சேலையூர் பக்கத்துக் குழந்தை மருத்துவர்களிடம் டோக்கன் கிடைப்பதே பெரும்பாடு. உள்ளே போகும் அம்மாக்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன காய்ச்சல் டாக்டர் இது?" முதல் நாளிலேயே அதற்குப் பதில் சொல்வது மருத்துவருக்கும் கடினம். டெங்கு, டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ், சாதாரண வைரஸ் காய்ச்சல் எல்லாம் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

நோயின் பெயரை மருத்துவர் கண்டுபிடிக்கட்டும். பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது அதற்கான கெடுவை. சில அறிகுறிகள் தெரிந்தால் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். சிலவற்றை இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். பிறவிக் குறைபாடுகளுக்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கெடு உண்டு. 'பிறவியிலேயே வந்தது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைப்பில் அந்தக் கெடு தவறிப்போவதால்தான் பல குழந்தைகளுக்குச் சிகிச்சையின் முழுப் பலன் கிடைப்பதில்லை.

மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியவை

பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த நான்கையும் பொதுவான அபாய அறிகுறிகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிறந்து மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும் அப்படித்தான்.

அடுத்தது மூச்சு. நிமோனியாவைச் சந்தேகிக்க ஸ்டெதஸ்கோப் தேவையில்லை, கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அது வேகமூச்சு. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ 108-ஐ அழையுங்கள்.

'நெஞ்சில் சளி கட்டியிருக்கு' என்று மருந்துக்கடையில் இருமல் சிரப் வாங்கி ஊற்றும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2025 அக்டோபரில் நாடே பார்த்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' சிரப்பைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளைத் தரக் கூடாது, ஐந்து வயது வரையும் பொதுவாக அவை தேவையில்லை என்று ஒன்றிய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது.

வயிற்றுப்போக்கில் உயிரைக் குடிப்பது கிருமியைவிட நீரிழப்புதான். 2024 டிசம்பரில் பல்லாவரம் வட்டாரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பலர் மருத்துவமனைகளில் சேர்ந்தபோது, குடிநீர்தான் காரணமா என்ற சர்ச்சை நீண்டது. காரணம் எதுவானாலும் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுதாகக் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் சிறிது சிறிதாகப் புகட்டுவது. கரைத்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கூடவே மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் துத்தநாக மருந்து. கண் குழி விழுவது, கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்ளே அமுங்குவது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது ஆகியவை மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள். இந்த நேரத்தில் தொக்கம் எடுக்கவும், உரம் தட்டவும், தோஷத்துக்கு மந்திரிக்கவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் அந்தச் சில மணி நேரமும் போய்விடும்.

காய்ச்சலோடு வரும் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு வரக்கூடியது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ விரலோ கூடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. தானாக நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

நாள்கணக்கில் கவனிக்க வேண்டியவை

டெங்குவில் பெற்றோர் ஏமாறும் இடம் காய்ச்சல் விட்ட நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு தணிந்ததும் வீடே நிம்மதியாகிவிடும். ஆனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றைக் காய்ச்சல் விட்ட பிறகும் கவனிக்க வேண்டும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

புதர் மண்டிய காலி மனைகள் புறநகரில் ஏராளம். அங்கிருக்கும் ஒட்டுண்ணியின் இளம்பூச்சி கடித்தால் வருவது ஸ்க்ரப் டைபஸ். ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள் தேடிப் பாருங்கள். சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற எளிய மருந்துகளிலேயே குணமாகும் நோய் இது. தாமதமானால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படும்.

உள்ளங்கை, பாதம், வாய் என்று கொப்புளம் வந்தால் பதற வேண்டாம். 'தக்காளிக் காய்ச்சல்' என்று பெயர் வாங்கிய இந்த வைரஸ் தொற்று பத்து நாளுக்குள் அடங்கிவிடும். அதுவரை பிளே ஸ்கூலுக்கு அனுப்பாமல் இருந்தால் போதும். சின்னம்மையில் வேப்பிலையும் இளநீரும் கெடுதல் செய்வதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மருத்துவரிடமே காட்டுவதில்லை என்ற கட்டுப்பாடுதான் கெடுதல். அம்மையின்போது மூச்சுத் திணறலோ பிதற்றலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாரக்கணக்கில் கெடு உள்ளவை

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை வெயிலில் காட்டினால் போய்விடும் என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் அறிவுரை. 14 நாள் கடந்தும் மஞ்சள் போகவில்லை, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கிறது என்றால் அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாயின் பெயரில் அமைந்த அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு தாய்க்கும் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டை தருகிறார்கள். இந்த நோயோடு பிறந்த காஞ்சிபுரத்துச் சஞ்சய் கந்தசாமிக்கு 1998 நவம்பரில், 20 மாத வயதில், தில்லி அப்போலோவில் தந்தையின் கல்லீரலின் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அதுதான். அவர் இன்று மருத்துவர்.

பிறவித் தைராய்டு குறைபாடு இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று. மந்தமான தூக்கம், மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தொப்புள் பிதுக்கம் என்று அறிகுறி தெரிவதற்குள் மூளை வளர்ச்சி பாதிக்கப்படத் தொடங்கிவிடும். பிறந்த இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் இந்தப் பரிசோதனை நடந்ததா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

பாதம் உள்வளைந்து பிறந்த குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே வாரம் ஒரு மாவுக்கட்டு என்று போன்செட்டி முறையில் தொடங்கினால் பெரிய அறுவை சிகிச்சை இல்லாமலே கால் நேராகும். பிறகு நான்கு வயது வரை இரவில் அணியும் காலணிப் பட்டையைப் பாதியில் நிறுத்துபவர்களுக்குத்தான் கால் மீண்டும் வளைகிறது. குறைமாதத்திலோ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, இரண்டு வாய் குடித்துவிட்டு இளைத்து விலகி, எடை ஏறாமல், அடிக்கடி நிமோனியாவில் விழும் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை இருக்கக்கூடும். ஆயிரம் பிறப்பில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குப் பிறவி இதயக் கோளாறு உண்டு.

காசநோய்க்காக 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கும் ஊர் நம் தாம்பரம். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு எடையும் குறைந்தால் குழந்தைக்கும் காசநோய்ப் பரிசோதனை தேவை. வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், இருமல் இல்லாத குழந்தைக்கும் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள்.

மாதக்கணக்கில் கெடு உள்ளவை

காது கேளாமை கண்ணுக்குத் தெரியாத குறை. முதல் மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் கடைப்பிடிக்கும் கணக்கு. சொந்தத்தில் நடக்கும் திருமணங்கள் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் என்பது தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு. அத்தகைய வீடுகளில் பிறவியிலேயே காது கேளாமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்பதால் இந்தச் சோதனையைத் தவறவே விடக் கூடாது. 'அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்ற சமாதானத்தில் இரண்டு மூன்று வருடம் போய்விடுகிறது. காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. எவ்வளவு சிறு வயதில் பொருத்துகிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு தெளிவாகும்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் கண்புரையோ, விழித்திரைப் புற்றுநோயோ இருக்கலாம். இதற்கு மட்டும் மாதக்கணக்கு பார்க்காமல் அந்த வாரமே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காதது, ஐந்து மாதத்தில் கழுத்து நிற்காதது, ஆண் குழந்தைக்கு ஆறு மாதத்தில் விரை இறங்காதது ஆகியவையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.

எங்கே போவது?

புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் செவிலியரிடமே முதல் சந்தேகத்தைக் கேட்கலாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து பார்க்க வேண்டும். அன்று குழந்தை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உண்டு. வளர்ச்சி தாமதத்துக்கு முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், 2021 முதல் தொடக்கநிலைச் சிகிச்சை மையமும் நடத்துகிறது.

தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் இதை எழுதி வையுங்கள்: மூச்சு 60, 50, 40. மஞ்சள் 14 நாள். வெளுத்த மலம் 60 நாள். காது ஆறு மாதம். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104. சந்தேகம் வந்த நாளிலேயே குழந்தையைக் காட்டுங்கள். ஒன்றுமில்லை என்று மருத்துவர் திருப்பி அனுப்பினால் அந்த அலைச்சல் வீணல்ல.