மாத்திரையை நிறுத்தலாமா?

எங்கள் லைனில் மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சிறு வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை சாப்பிட்டு ஒரு வருஷமாய் வராமல் இருந்தது. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும், "அதான் நின்னு போச்சுங்களேக்கா, வர்றவங்க டப்பாவைப் பார்த்துட்டா என்னாகும்?" என்று அவள் அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். அந்த வாரம் பார்த்து ஷிப்மென்ட் அவசரம். மூன்று ராத்திரி தூக்கமில்லை. நாலாம் நாள் காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே அடுப்பின்மேல் சாய்ந்தாள். முழங்கை வரை வெந்துவிட்டது.

நம் மூளையில் குளுட்டமேட் என்ற ரசாயனம் நரம்பணுக்களை முடுக்கிவிடும். காபா என்ற இன்னொன்று அடக்கி வைக்கும். பால் பொங்கும்போது ஓடிவந்து அடுப்பைத் தணிக்கிற கை மாதிரிதான் காபா. அந்தக் கை தளர்ந்தால் அணுக்கள் கூட்டமாய்த் துடிக்கின்றன, அதுவே வலிப்பு. பேயுமில்லை, சாபமுமில்லை. பினோபார்பிட்டோன் போன்ற மாத்திரைகள் காபாவுக்குத் துணை நிற்கின்றன. பழகிய துணையைத் திடீரென்று பிடுங்கினால் முன்னைவிடக் கடுமையாக வரக்கூடும். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்படி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தூக்கம் கெட்டாலும் வலிப்பு கிளம்பும். நைட் ஷிப்ட் ஊரில் இதை யாரிடம் போய்ச் சொல்ல!

கர்ப்பமானதும் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது என்பது நிஜம்தான்; அதற்காக நாமே நிறுத்தாமல், குழந்தைக்கு ஆசைப்படும்போதே டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

நினைவு தப்பினால், விழும்போது கை ஊன்றத் தோன்றாது. அதனால்தான் அடுப்பு, கிணறு, மாடிப்படி எல்லாம் ஆபத்து. குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் வேண்டாம். தலைக்குச் சுடச்சுட வெந்நீர் ஊற்றினாலே சிலருக்கு வலிப்பு வரும். நம் தென்னிந்தியாவில் இது அதிகம். பெங்களூர் நிமான்ஸ் டாக்டர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள். வாயில் ஸ்பூனைத் திணித்தால் பல்தான் உடையும். தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும். நேரம் ஆக ஆக காபாவின் பிடி இன்னும் தளரும், மருந்தும் எளிதில் கேட்காது, மிஞ்சிய குளுட்டமேட் மூளை அணுக்களையே கெடுக்கும்.

வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணம் செல்லாது என்று சொல்ல முடியாதபடி இந்து திருமணச் சட்டத்தை 1999-லேயே திருத்திவிட்டார்கள். இதைச் சொன்னபோது அந்த அம்மா நம்பவேயில்லை. இப்போது அவளே ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரையும் தண்ணீருமாக நிற்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை. சொல்லிவிடு என்கிறேன் நான்.