நாற்காலிக்கு மதிப்பெண் போடுவது யார்?

தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ள அனுமதித்தால், ஒரு மாணவர் எத்தனை மதிப்பெண் போட்டுக்கொள்வார்? "நூற்றுக்கு நூறு!" என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் பிரிட்டன் நாட்டில் பல அலுவலகங்களில், கணிப்பொறியின் முன் அமர்ந்து வேலை செய்பவர்களிடம் ஏறக்குறைய இதைப் போன்ற பொறுப்பைத்தான் ஒப்படைக்கிறார்கள். நாற்காலி, மேசை, திரை, விசைப்பலகை, விளக்கு ஆகியவை தம் உடலுக்குக் கேடு செய்யாதபடி அமைந்துள்ளனவா என்பதை அவர்களே ஒரு வினாத்தாளை வைத்துக்கொண்டு சோதித்து, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறியிடுகிறார்கள். இந்த முறையை நம்பலாமா? இதற்கு விடை காண உடலியலும் இயற்பியலும் நமக்குத் துணை செய்யும்.

உட்கார்ந்திருப்பதும் உழைப்பே

சுரங்கத்தில் பாறை சரியும்; தொழிற்சாலையில் எந்திரம் கையைக் கவ்வும். நாற்காலியில் அமர்ந்து எழுத்துகளைத் தட்டுபவருக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்று கேட்கத் தோன்றும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி இந்தக் கேள்விக்கு என்றோ விடை தந்துவிட்டார். தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். 1713இல் வந்த விரிவான பதிப்பில் எழுத்தர்களின் நோய்களையும் சேர்த்தார். அவர்களது துன்பத்துக்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக இடைவிடாமல் அசைத்தல், பிழை நேரக் கூடாதே என்னும் மன இறுக்கம். இறகுப் பேனா போய்க் கணிப்பொறி வந்தது. காரணங்கள் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, அசைக்காமல் வைத்திருங்கள். சில நிமிடங்களுக்குள் தோள் கனக்கும், பிறகு வலிக்கும். நீங்கள் எந்தப் பொருளையும் தூக்கவில்லையே, வலி எங்கிருந்து வந்தது? நடக்கும்போது தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிகின்றன. அதனால் இரத்தம் தடையின்றிப் பாய்கிறது. சுருங்கிய நிலையிலேயே நிற்கும் தசையோ தன்னுள்ளே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெருக்குகிறது. ஆக்சிஜன் வரத்துக் குறைகிறது. கழிவுப் பொருள்கள் தேங்குகின்றன. விசைப்பலகை எட்டாத தொலைவில் இருந்தால், அதில் தட்டச்சு செய்பவரின் தோள்களுக்கும் மெல்ல மெல்ல இதுவே நேர்கிறது.

அடுத்து கழுத்தைப் பாருங்கள். வளர்ந்த மனிதரின் தலை சுமார் 5 கிலோகிராம் நிறை உடையது. அது முதுகெலும்பின் உச்சியில், ஒரு முதல்வகை நெம்புகோல் போல அமர்ந்திருக்கிறது. மூட்டு ஆதாரப்புள்ளி, அதற்கு முன்புறம் தலையின் எடை, பின்புறம் கழுத்துத் தசைகளின் இழுவிசை. திரை தாழ்வாக இருந்தால் தலை முன்னே சாய்கிறது. பளுவின் புயம் நீள்கிறது. தசையின் புயமோ மாறுவதில்லை. எனவே பளுப்புயம் இரு மடங்கானால் தசையும் இரு மடங்கு விசையுடன் இழுத்தாக வேண்டும். தலையின் எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. கழுத்தின் சுமை மட்டும் கூடிவிட்டது!

மணிக்கட்டில் எலும்புகளாலும் ஒரு தசைநாராலும் ஆன குறுகிய குகைவழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியே செல்கின்றன. மணிக்கட்டை மேலோ கீழோ வளைத்தால் இக்குகையினுள் அழுத்தம் உயர்கிறது. வளைந்த மணிக்கட்டுடன் நாள் முழுதும் வேலை செய்வது நல்லதன்று என்பது இதனால்தான்.

சட்டம் பிறந்த கதை

மனிதனுக்கு ஏற்ப வேலையை அமைக்கும் அறிவியலுக்கு எர்கோனாமிக்ஸ் என்று பெயர். வேலை, விதி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, போலந்து அறிஞர் யாஸ்த்ஷெம்போவ்ஸ்கி 1857ஆம் ஆண்டில் இப்பெயரைப் பயன்படுத்தினார்.

பிரிட்டனில் ராபன்ஸ் பிரபு தலைமையில் அமைந்த குழு 1972ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை அளித்தது. ஆபத்தை உண்டாக்குபவர்களும் அதனோடு பணிபுரிபவர்களும் சேர்ந்தே அதைக் குறைக்கப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. 1974ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் இதிலிருந்து பிறந்தது. 1990 மே 29 அன்று ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு, திரையுள்ள கருவிகளில் வேலை செய்பவர்களைக் காப்பதற்கு ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அதை நிறைவேற்ற பிரிட்டன் 1992இல் வகுத்த விதிகள் 1993 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

இவ்விதிகளின்படி ஒவ்வொரு பணியிடத்தையும் ஆராய்ந்து ஆபத்துகளைக் குறைப்பது முதலாளியின் கடமை. ஊழியருக்குப் பயிற்சி தர வேண்டும். வேலையின் இடையே ஓய்வோ வேறு வேலையோ அமையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைக்கான செலவையும் ஏற்க வேண்டும்.

ஏன் அவரவரே சோதிக்க வேண்டும்?

சராசரி மனிதருக்கு ஏற்ற ஒரு நாற்காலியைச் செய்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க விமானப்படையில் விமானி அமரும் இடத்தை இப்படிச் சராசரி அளவுக்கே வடிவமைத்து வந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற ஆய்வாளர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்துக்கொண்டு, உயரம், மார்பளவு, கையின் நீளம் முதலிய 10 அளவுகளை ஒப்பிட்டார். பத்திலும் சராசரியாக அமைந்த விமானி எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! ஆகவே நாற்காலியும் மேசையும் ஆளுக்கு ஆள் மாற்றியமைக்கப்பட வேண்டியவை. ஆயிரம் பேர் பணிபுரியும் அலுவலகத்தில் ஒரே ஒரு மதிப்பீட்டாளர் அனைவரையும் அடிக்கடி பார்ப்பது எளிதன்று.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. பெருவிரல் மரத்துப்போவதையும் மாலையில் கண் எரிவதையும் எந்த அளவுகோலாலும் வெளியிலிருந்து அளக்க இயலாது. அதை அறிந்தவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஒருவரே.

தனக்கே தெரியாதவை

அப்படியானால் ஊழியர் சொல்வது மட்டும் போதுமா? போதாது. உங்கள் நண்பர் கதைப் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கும்போது, அவரிடம் சொல்லாமல், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கண் சிமிட்டுகிறார் என்று எண்ணுங்கள். பிறகு அவர் பேசிக்கொண்டிருக்கும்போது எண்ணுங்கள். படிக்கும்போது எண்ணிக்கை குறைந்திருப்பதைக் காணலாம். ஜப்பானிய மருத்துவர்கள் 1993இல் அலுவலக ஊழியர்களிடம் இதை அளந்து வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை; புத்தகம் படிக்கையில் 10; கணிப்பொறித் திரையைப் பார்க்கையில் 7! புத்தகத்தைக் குனிந்து பார்ப்பதால் இமைகள் பாதி தாழ்ந்திருக்கும். திரையை நேராகப் பார்க்கும்போது கண் அகலத் திறந்திருக்கும். கண்ணீர்ப் படலம் விரைவில் ஆவியாகும். கண் உலர்வதன் காரணம் இதுவே.

எண்ணப்பட்டவருக்கு இது சற்றும் தெரியாது என்பதைக் கவனித்தீர்களா? தெரிவித்துவிட்டு எண்ணினால் எண்ணிக்கையே மாறிவிடும். கண்ணெரிச்சல் அவருக்குத் தெரியும். அதன் காரணம் பார்ப்பவருக்குத் தெரியும். கூன் விழுந்த முதுகும் அப்படியே. பழகிப்போன நிலை நேராக இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

அறிவியலுக்கு அப்பாற்பட்ட ஒரு தடையும் உண்டு. 'நாற்காலி சரியில்லை' என்று எழுதினால் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற அச்சம்! அவ்வச்சம் உள்ள இடத்தில் எல்லா வினாக்களுக்கும் 'ஆம்' என்றே குறி விழும். தாள் அழகாக இருக்கும். கழுத்து வலி அப்படியே இருக்கும்.

'இல்லை' என்பதன் மதிப்பு

பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் இதற்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலைத் தயாரித்துள்ளது. திரையில் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா? பிம்பம் துடிக்காமல் நிற்கிறதா? முதுகின் கீழ்ப்பகுதிக்குத் தாங்கல் உள்ளதா? பாதங்கள் தரையில் முழுதும் படிகின்றனவா? இவை போன்ற வினாக்கள் அதில் உண்டு. 'ஆம்' என்றால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. 'இல்லை' என்று குறித்த ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் நேரில் ஆராய்ந்து, திருத்த வழி செய்ய வேண்டும்.

இங்கேதான் நம் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. தேர்வில் மாணவர் தம்மையே மதிப்பிடுகிறார். ஆகவே மிகையாகப் போட்டுக்கொள்ளும் ஆசை எழுகிறது. இங்கே ஊழியர் மதிப்பிடுவது தம்மை அன்று. தமக்குக் கொடுக்கப்பட்ட கருவிகளை. முன்னே பயிற்சியும் பின்னே மதிப்பீட்டாளரின் பார்வையும் இருந்தால் இம்முறை பயன் தரும். வினாத்தாளை ஊழியர் நிரப்பிவிட்டார் என்பதால் முதலாளியின் பொறுப்பு நீங்கிவிடாது. குறையை நீக்குவது அவர் கடமையே.

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது இம்முறையின் தேவை இன்னும் தெளிவாயிற்று. ஊழியர்கள் சாப்பாட்டு மேசையிலும் கட்டிலிலும் அமர்ந்து வேலை செய்தார்கள். வீடு வீடாக மதிப்பீட்டாளர் போக முடியுமா? தற்காலிகமாக வீட்டிலிருந்து பணிபுரிபவர்கள் தம் இடத்தைத் தாமே அடிப்படையாகச் சோதித்துக்கொள்ள முதலாளிகள் அறிவுரை வழங்க வேண்டும் என்று அந்த நிர்வாகம் அப்போது கூறியது.

நீங்களும் சோதிக்கலாம்

வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறியில் வேலை செய்கிறீர்களா? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. திரையை அணைத்துவிட்டு அதைப் பாருங்கள். சன்னலோ விளக்கோ அதில் தெரிகிறதா? படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று படித்திருக்கிறீர்கள். திரையைச் சற்றுத் திருப்பினால் அந்த ஒளி உங்கள் கண்ணுக்கு வராது. சன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருப்பது நல்லது.

2. திரை ஏறக்குறைய ஒரு கை நீளத் தொலைவிலும், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலும் உள்ளதா?

3. முழங்கைகள் உடலை ஒட்டியும், முன்கைகள் தரைக்கு இணையாகவும், மணிக்கட்டு வளையாமலும் இருக்கின்றனவா?

4. பாதம் தரையில் படாவிட்டால் ஒரு பலகையையோ பெட்டியையோ கீழே வையுங்கள்.

5. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்தே இருக்கும். கழுத்துக்கு ஏற்ப உயர்த்தினால் கைக்குத் துன்பம்; கைக்கு ஏற்பத் தாழ்த்தினால் கழுத்துக்குத் துன்பம். நெடுநேர வேலைக்கு அதைப் புத்தக அடுக்கின் மீது ஏற்றி, தனி விசைப்பலகையை இணைப்பதே வழி.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் மணிக்கணக்கில் அசையாதிருப்பது தவறு. இரண்டு மணிக்கு ஒரு முறை 20 நிமிடம் ஓய்வெடுப்பதைவிட, மணிக்கு ஒரு முறை 5 முதல் 10 நிமிடம் எழுந்து நடப்பது மேலானது. அப்போது தொலைவிலுள்ள மரத்தையோ கட்டடத்தையோ பாருங்கள். அருகில் பார்க்கும்போது சுருங்கியிருந்த கண்ணின் சிலியரித் தசை அப்போது தளரும்.

சோதனை முடிந்ததும், நீங்கள் வேலை செய்யும்போது உங்கள் நண்பரைப் பக்கத்தில் நின்று அதே வினாக்களுக்குக் குறியிடச் சொல்லுங்கள். இரு தாள்களையும் ஒப்பிடுங்கள். உங்கள் தாளில் 'ஆம்' என்றும் நண்பர் தாளில் 'இல்லை' என்றும் எங்கே இருக்கிறதோ, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.