பின்தெருவிலிருந்து பார்த்தால்

செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பார்க்க மாணவர்களை அழைத்துச் செல்லும்போது நாம் பெரும்பாலும் முகப்பிலேயே நின்றுவிடுகிறோம். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தளக்கல், முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். "வண்டிமாடு எல்லாம் எங்க சார் நின்னுச்சு?" என்று ஒரு குழந்தை கேட்டால்தான் வீட்டின் மறுபாதி நினைவுக்கு வரும்.

விடை வீட்டின் நீளத்தில் இருக்கிறது. பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கட்டுகள் அடுத்தடுத்து வரும். வாசல்கள் நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால் முன்வாசலில் நின்றே பின்வாசலைக் காணலாம். முகப்பு தெருமட்டத்தைவிட உயரமானது. படியேறித்தான் போகவேண்டும். அங்கே மாடும் வண்டியும் ஏறுமா? விறகுக்கும் நெல்மூட்டைக்கும் கால்நடைக்கும் உரிய வழி பின்தெருதான்.

கொட்டில் அடுப்படிப் பக்கம் அமைவதற்கு இன்னொரு காரணம் கழுநீர்த் தொட்டி. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் அதில் சேர்ந்து மாட்டுக்குப் போகும். சமையலறைக் கழிவு நாலு எட்டில் தீவனமாகிவிடும். கோமியம் தேங்காமல் ஓட, தரைக்குச் சற்றே வாட்டம் வேண்டும். காற்றோட்டத்துக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும். வைக்கோல் மட்டும் அடுப்பு நெருப்புக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

ஹம்பியில் விஜயநகர அரசர்களின் யானைக் கொட்டாரத்தைப் பாருங்கள்: 11 அறைகள் ஒரே வரிசையில், மேலே குவிமாடங்கள். அரசருக்கு யானை காட்சிப்பொருள். வணிகரோ முகப்பைக் காட்டினார். மாட்டைப் பின்னால் கட்டினார்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனாலும் வீடுகள் பிரிக்கப்படுவது நிற்கவில்லை. பிரித்த வீட்டின் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோகும். கொட்டிலுக்கு விலை கிடையாது; ஒரு வரைபடம்கூட இல்லாமல் அது போய்விடும். அந்த வரைபடத்தை எட்டாம் வகுப்பு மாணவர்களே போடலாம். வீட்டாரிடம் அனுமதி கேட்டுப் பின்வாசலின் அகலத்தை அளக்கட்டும். ஊரில் மிஞ்சியிருக்கும் மாட்டுவண்டியின் அகலத்தோடு ஒப்பிடட்டும். தொட்டி கிடைத்தால் அது உருளையா, கனச்செவ்வகமா என்று பார்த்து, எத்தனை குடம் கழுநீர் கொள்ளும் என்று கணக்கிடட்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அங்கே நின்ற மாடுகளின் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.