‘மயக்க ஊசி ஒத்துக்காது’ என்று சொன்னால் மட்டும் போதாது

ஹெர்னியா ஆபரேஷனுக்கு முந்தைய நாள். ஃபிட்னஸ் பார்க்க வந்த மயக்க மருந்து டாக்டர், “முன்னாடி ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா? மயக்கத்துல தொந்தரவு உண்டா?” என்று கேட்கிறார். “ஆமா சார், அப்பெண்டிக்ஸ் எடுத்தப்போ முழிக்கவே லேட்டாச்சு. வெண்டிலேட்டர்ல வெச்சிருந்தாங்க. மயக்க ஊசி ஒத்துக்காதுன்னு சொன்னாங்க.” “எந்த ஊசி?” “அது தெரியலையே சார்.” பையைக் கவிழ்த்தால் ஸ்கேன் படம், மருந்துக்கடை பில், ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வருகின்றன. அந்தச் சம்மரியில் மயக்க மருந்து பற்றி எழுதியிருப்பது ‘ஜி.ஏ.’ என்ற இரண்டே எழுத்து.

இந்த உரையாடல் எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. பில்லைப் பத்து வருஷம் பத்திரப்படுத்துகிறவர்கள், தங்கள் உடம்பில் ஏற்றப்பட்ட மருந்தின் பெயரை ஒரு நாளும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியும் தானாக எழுதித் தருவதில்லை.

அந்த ‘ஜி.ஏ.’, அதாவது பொது மயக்கம், என்பது ஒரே ஊசி அல்ல. தூங்க வைக்க ஒன்று. பெரும்பாலும் பால்போல் வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால். ஏற்றிய அரை நிமிடத்தில் கண் சொருகிவிடும். ரத்த அழுத்தம் இறங்கிப்போய் வருபவருக்குப் பல நேரம் கெட்டமின் கொடுப்பார்கள். வலிக்குத் தனி மருந்து. மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்கவும், வயிற்றுத் தசை விறைக்காமல் இருக்கவும் தசைத்தளர்த்தி என்று இன்னொன்று. இந்தக் கடைசி மருந்து மூச்சுவிடும் தசைகளையும் நிறுத்திவிடும். நினைவை மட்டும் தொடாது. தூக்க மருந்து இறங்கி, தளர்த்தி மட்டும் உடம்பில் மிச்சமிருந்தால், ஆள் விழித்துக்கொண்டே விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடப்பார்.

தளர்த்திகளில் மிக வேகமானது சக்சினைல்கோலின். ஆபரேஷன் தியேட்டரில் இதை ‘ஸ்கோலின்’ என்பார்கள். ஒரு நிமிடத்தில் வேலை செய்யும், ஐந்து பத்து நிமிடத்தில் தானே அடங்கிவிடும். சாப்பிட்ட வயிற்றோடு அவசர சிசேரியனுக்கு வரும் பெண்ணுக்கு இந்த வேகம் உயிர் காக்கும். அதனால், ‘எனக்கு ஸ்கோலின் வேண்டாம்’ என்று காரணமில்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

இவ்வளவு சீக்கிரம் அடங்கக் காரணம், கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் ஓடும் சூடோகோலினஸ்டிரேஸ் என்ற நொதி. அது ஸ்கோலினைச் சிதைத்துப் போடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்வதில்லை. அவர்களுக்குப் பத்து நிமிட மருந்து மணிக்கணக்கில் நீளும். ‘கோமாவுக்குப் போய்விட்டார்’ என்று வெளியே சொந்தக்காரர்கள் கண்ணாடியை உடைக்கும் கூத்து அப்போதுதான் நடக்கிறது. உண்மையில் செய்ய வேண்டியது, வெண்டிலேட்டரில் மூச்சுக் கொடுத்து, தூக்க மருந்தை நிறுத்தாமல் காத்திருப்பதுதான். மருந்து வடிந்ததும் ஆள் பழையபடி எழுந்துவிடுவார். இது அலர்ஜி அல்ல. ஆனால் அடுத்த தடவையும் இதே மருந்து போனால் இதே கதைதான். வெண்டிலேட்டர் இல்லாத சின்ன நர்சிங் ஹோமில் போனால் கதை வேறு மாதிரி முடியலாம்.

இந்தக் குறை குடும்பத்தில் வருவது. அப்பா, அம்மா இருவர் வழியிலும் வந்தால்தான் முழுதாகத் தலைகாட்டும். அதனால் சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் வீடுகளில் வாய்ப்பு கூடுகிறது. ஆரிய வைசிய சமூகத்தில் இந்த நொதியைக் கெடுக்கும் ஒரு மரபணு மாற்றம் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது 2006-ல் வெளியான ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. மற்ற சாதிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம், யாருக்கும் வரலாம். ஒருவருக்கு உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தத்தில் சூடோகோலினஸ்டிரேஸ் அளவு பார்க்க வேண்டும். பெரிய லேப்களில் செய்கிறார்கள்.

பிறவிக் குறையே இல்லாதவருக்கும் இந்த நொதி விழுந்துபோகும் வழி ஒன்று உண்டு: பூச்சிமருந்து. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் வகை மருந்துகள் உடம்பில் ஏறினால் நொதி மீள வாரக்கணக்கில் ஆகும். சமீபத்தில் பூச்சிமருந்து குடித்தோ, தெளிக்கும்போது ஏறியோ சிகிச்சை எடுத்தவர் அதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கவே கூடாது. போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில்தான் பலரும் மறைக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. அதேபோல பெரிய தீக்காயம், பக்கவாதம் இருந்தாலும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கோலின் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. ரோகுரோனியம் என்ற தளர்த்தியை முறிக்க சுகம்மடெக்ஸ் கொடுத்திருந்தால் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். அடுத்த ஏழு நாள் வேறு பாதுகாப்பு வேண்டும்.

இனி காகிதத்துக்கு வருவோம். நீங்கள் வாங்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரி அல்ல, ‘அனஸ்தீசியா சார்ட்’ என்ற மயக்க மருந்துப் பதிவுத்தாள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த நேரத்தில், அதன்பின் நாடித்துடிப்பு என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 1.3.2-இன்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். தர மறுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று அதே ஒழுங்குமுறையின் 7.2 சொல்கிறது.

வாயால் கேட்காதீர்கள். வெள்ளைத்தாளில், மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், சேர்ந்த தேதி, ஆபரேஷன் தேதி போடுங்கள். ‘எல்லா ஆவணமும்’ என்று பொதுவாக எழுதினால் பழைய சம்மரியையே ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனைத் தாள், மயக்க மருந்துப் பதிவுத்தாள், மீட்பறைக் குறிப்பு, ஐ.சி.யூ. சார்ட், சம்மதப் படிவம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். ‘எம்.ஆர்.டி.யில (மருத்துவ ஆவணப் பிரிவு) ஆள் இல்ல, நாளைக்கு வாங்க’ என்று இழுத்தால் அதே கடிதத்தை டெலிவரி சான்றுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது.) சீல் இல்லாத மனு நீங்கள் கொடுக்காத மனு. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: சீல் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

72 மணி நேரம் கடந்தும் வரவில்லையா? டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் செய்யலாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு மனு கொடுங்கள். அரசு ஆஸ்பத்திரியென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். மருந்தின் பாதகத்தைத் தனியாகப் பதிவுசெய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் கிடைக்கும்.

நஷ்டஈடு பற்றி ஒரு வார்த்தை. பிறவிக் குறை தெரியாத நிலையில் ஸ்கோலின் நீண்டுவிட்டது என்பது மட்டும் டாக்டரின் அலட்சியம் ஆகாது. நீங்கள் சொன்னதைப் பதிவு செய்யாமல் விட்டதும், வெண்டிலேட்டர் ஏற்பாடே இல்லாமல் மயக்கம் கொடுத்ததும் அலட்சியம். அதை நிரூபிக்கவும் அந்தச் சார்ட்தான் வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி மீது இந்த வழி செல்லாது.

சார்ட் கைக்கு வந்ததும் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டி, ‘சக்சினைல்கோலின், மிவாகுரியம் இரண்டும் கொடுக்கக் கூடாது’ என்பதைக் கையெழுத்தோடு ஆங்கிலத்திலும் எழுதி வாங்கி, ஆதார் அட்டையோடு பர்ஸில் வையுங்கள். விபத்தில் நினைவில்லாமல் கொண்டுவரப்படும்போது நீங்கள் வாய்திறந்து சொல்ல முடியாது.

உள்நோயாளி ஆவணங்களை ஆஸ்பத்திரி வைத்திருக்கக் கடமைப்பட்டது சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு மட்டுமே. உங்கள் வீட்டில் யாராவது மயக்கம் தெளியத் தாமதமாகி வெண்டிலேட்டரில் கிடந்திருந்தால், இந்த வாரமே மனு எழுதுங்கள்.