நோயும் இடரும்: ஆங்கிலச் சொற்கள் சில

ஆங்கிலம் கற்ற நம்மவர் பலரும் 'டிசீஸ்', 'இல்னஸ்', 'சிக்னஸ்' என்னும் மூன்று சொற்களையும் ஒரே பொருளில் வழங்குகின்றனர். அகராதியைப் புரட்டினாலும் மூன்றிற்கும் நோய் என்றே பொருள் காண்கிறோம். எனினும் இவற்றை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் எனக் கொண்டுவிடலாகாது. தலைநகராகிய தில்லியில் இயற்றப்பட்ட சட்டங்களை நோக்குவோமாயின், இத்தகைய சொற்களின் வேறுபாடு ஒரு தொழிலாளியின் ஊதியத்தையும் ஒரு மாவட்டத்தின் நிவாரணத்தையும் முடிவுசெய்ய வல்லது என்பது விளங்கும்.

முதலில் சொற்களின் பொருளைக் காண்போம். 'டிசீஸ்' என்பது உடலில் மருத்துவர் கண்டறியும் கேடு. மலேரியா ஒரு 'டிசீஸ்'; நீரிழிவு ஒரு 'டிசீஸ்'. அதற்குப் பெயருண்டு, காரணமுண்டு, சோதனையுண்டு. 'இல்னஸ்' என்பதோ நோயாளி தாமே உணரும் துன்பம். "உடம்பு சரியில்லை" என்று நாம் கூறுவது இதனையே. மூன்றாவதாகிய 'சிக்னஸ்' பிறர் ஏற்று மதிக்கும் நிலை. அலுவலகத்தில் 'சிக் லீவு' என்கிறோமேயன்றி 'டிசீஸ் லீவு' என்பாரில்லை. ஊர் நினைவால் வாடும் தில்லித் தமிழரை 'ஹோம்சிக்' என்பதுண்டு. அவருக்கு 'டிசீஸ்' எதுவுமில்லை.

இவை மூன்றும் எப்பொழுதும் சேர்ந்தே வருவன அல்ல. இரத்த அழுத்தம் மிகுந்த ஒருவர் யாதொரு துன்பமும் உணராதிருக்கலாம். அவருக்கு 'டிசீஸ்' உண்டு, 'இல்னஸ்' இல்லை. எல்லாச் சோதனையும் நன்றாயிருந்தும் ஒருவர் நோவால் துடிக்கலாம். அவருக்கு 'இல்னஸ்' உண்டு, 'டிசீஸ்' புலப்படவில்லை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். இ.எஸ்.ஐ. என மக்கள் வழங்கும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பெற்றது. அச்சட்டம் 'சிக்னஸ்' என்னும் சொல்லுக்கே இலக்கணம் வகுத்தது. மருத்துவமும் கவனிப்பும் தேவைப்படுவதோடு, மருத்துவ காரணத்தால் வேலைக்குச் செல்லாதிருத்தலையும் இன்றியமையாததாக்கும் நிலையே 'சிக்னஸ்' என்பது அதன் கருத்து. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இச்சொல்லைக் கைவிடவில்லை.

தில்லி ஒக்லாவில் ஓர் ஆலைத் தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு நீரிழிவு உண்டு. ஆயினும் நாள்தோறும் வேலைக்கு வருகிறார். 'டிசீஸ்' இருந்தும் சட்டத்தின் கண்ணில் அவர் 'சிக்' அல்லர். காய்ச்சலால் பத்து நாள் படுத்துவிட்டாரேல் அது 'சிக்னஸ்'. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் அதற்குரிய உதவி ஊதியத்தில் நூற்றுக்கு 70. ஆண்டில் 91 நாள் வரை. அதனைப் பெற, குறித்த ஆறு மாதத்தில் 78 நாளேனும் சந்தா செலுத்தியிருத்தல் வேண்டும்.

அதே தொழிலாளியின் கை பொறியில் சிக்கி நசுங்கிற்று எனின், அதற்குப் பெயர் வேறு: 'எம்ப்ளாய்மென்ட் இஞ்சுரி', அதாவது வேலையால் நேர்ந்த காயம். வேலையின் காரணமாகவே வரும் சில நோய்களும் இதன்பாற்படும். இதற்கு உதவி நூற்றுக்கு 90. சந்தா நாள் கணக்கும் கேட்கப்படுவதில்லை. படுக்கையும் வலியும் ஒன்றேயாயினும், படிவத்தில் எழுதப்படும் சொல் மாறினால் வீட்டிற்கு வரும் பணமும் மாறுகிறது. பணியிடத்தில் நேர்ந்ததை அன்றே முறைப்படி பதிவு செய்விக்காமல், "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி வீடு திரும்புவோர் இதனைக் கருதுதல் நலம்.

தனி மனிதனின் நோய்ச்சொற்கள் இங்ஙனமெனின், ஊரையே தாக்கும் துன்பங்களின் பெயர்களும் அத்தகையனவே. 'மிஸ்ஹாப்' என்பது சிறு தீங்கு. 'ஆக்ஸிடென்ட்' என்பது எதிர்பாராது நேர்வது. இலத்தீனில் வந்து விழுவது என்னும் பொருளடியாகப் பிறந்தது. 'கலாமிட்டி' பலரை ஒருங்கே அழச்செய்யும் இடர். 'டிஸாஸ்டர்' என்னும் சொல்லினுள் தீய விண்மீன் ஒளிந்திருக்கிறது. "கிரகம் சரியில்லை" என்னும் நம் வழக்கு அதற்கு உறவு. 'கெடாஸ்ட்ரபி' கிரேக்க மொழியில் தலைகீழாகப் புரள்வதைக் குறித்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைச் சூறையாடிற்று. மறு ஆண்டின் டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. அது 'டிஸாஸ்டர்' என்பதை விளக்குகையில், 'கெடாஸ்ட்ரபி' என்னும் பெருஞ்சொல்லையும் 'மிஸ்ஹாப்' என்னும் சிறுசொல்லையும் அருகருகே வைக்கிறது. பிறகு உரைகல் ஒன்றை நாட்டுகிறது: தாக்குண்ட மக்களின் தாங்கும் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக அத்துன்பம் இருத்தல் வேண்டும். ஆகவே பேரிடரை அளப்பது காற்றின் வேகம் மட்டுமன்று. மக்களின் வலிமையும் ஆகும்.

2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்தது. அதனைத் தேசியப் பேரிடர் என அறிவிக்குமாறு கோரிக்கை எழுந்தது. விதிகளில் அப்படியொரு பெயருக்கு இடமில்லை என நடுவண் அரசு விடையிறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் 'கடுமையான தன்மையுடைய பேரிடர்' என ஏற்றது. அச்சொற்றொடர் கிடைத்த பின்னரே, பிற மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர்களும் தம் தொகுதி நிதியிலிருந்து உதவ வழி திறந்தது. அவ்வாறே வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடர் என அறிவித்தது. வெயிலால் இறந்தோர் குடும்பம் 4 லட்சம் ரூபாய் பெறும் தகுதி அதனால் உண்டாயிற்று. வெயில் முன்பும் கொன்றது. பெயர்தான் பின்னர் வந்தது.

நம் மொழியில் 'நோய்' என்னும் ஒரு சொல் உடல் நலிவையும் உள்ளத் துயரையும் சேர்த்தே சுமக்கிறது. 'பிணி' என்பதோ பிணிப்பது, அதாவது கட்டி வைப்பது. துயருற்றவரிடம் பேச இவை போதும். ஆனால் மனு எழுதுகையிலும் படிவம் நிரப்புகையிலும், சட்டம் எச்சொல்லை வேண்டுகிறது என்பதைக் கேட்டறிந்து எழுதுவோமாக. துன்பத்தை மாற்றும் ஆற்றல் சொல்லுக்கு இல்லை. துன்பத்திற்குரிய உதவியைக் கொணரும் ஆற்றல் அதற்கு உண்டு.