செப்படி வித்தையும் நம் சேமிப்பும்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவை அடுத்து உள்ளது வலியசாலை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகாரமும், காந்தளூர் மகாதேவர் கோயிலும் அப்பகுதியின் அடையாளங்கள். அவ்வூர்ப் பெயரில் உள்ள 'சாலை' என்னும் சொல் வழியைக் குறிப்பதன்று. மாணாக்கர் தங்கி உண்டு கற்ற கல்விநிலையத்தைக் குறிப்பது. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்தில் இருந்தது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 95 மாணாக்கருக்கு ஒரு சாலையை 866ஆம் ஆண்டில் நிறுவியபொழுது, காந்தளூர் முறையையே முன்மாதிரியாகக் கொண்டான் என்பது அவனுடைய செப்பேட்டால் தெரியவருகிறது.

அதே திருவனந்தபுரத்தில் நம் காலத்திலும் புதுமையான ஒரு 'சாலை' தோன்றியது. மாயவித்தைக் கலைஞர் கோபிநாத் முதுகாடு, பூஜப்புரையில் 1996ஆம் ஆண்டில் மாயவித்தையைப் பாடமாகக் கற்பிக்கும் அகாதெமி ஒன்றைத் தொடங்கினார். 2014இல் கழக்கூட்டத்தில் 'மேஜிக் பிளானட்' என்னும் அரங்கத் தொகுதியும் உருவாயிற்று. இலக்கணமும் மீமாம்சையும் கற்பித்த மண்ணில் சீட்டு வித்தையும் ஒரு கல்வியாகுமா என நாம் வியக்கலாம். ஒரே ஒரு சீட்டு வித்தையை முறையாகக் கற்று, அதனை நேர்மையாக மதிப்பிட்டுப் பார்ப்போமாயின், அது கல்விதான் என்பது விளங்கும். பணத்தைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் பயன்படும் கல்வியுங்கூட.

சொல்லிலேயே உள்ள வரலாறு

சீட்டுக்கட்டு நம் நாட்டில் பரவுவதற்கு முன்பே கைத்திறன் வித்தை இங்கு வழங்கிவந்தது. வாத்ஸ்யாயனர் தொகுத்த 64 கலைகளின் பட்டியலில் 'ஹஸ்தலாகவம்', அதாவது கைவிரைவு, ஒரு கலையாக இடம்பெற்றுள்ளது. தமிழில் நாம் 'செப்படி வித்தை' என்கிறோம். செப்பு என்பது சிமிழ் போன்ற சிறு கலம். செப்புகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் அடியில் பந்துகளைத் தோன்றவும் மறையவும் செய்வதே அவ்வித்தை. மலையாளத்தில் இதனைச் 'செப்பும் பந்தும்' என்பர். கேரள மாயவித்தையின் தந்தை எனப் போற்றப்படும் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903 - 1983) இவ்வித்தையில் பெரும்புகழ் பெற்றவர். பெரிய கருவிகளோ, மேடை விளக்குகளோ இன்றி, எதிரே அமர்ந்திருப்பவரின் கண்முன்னேயே செய்து காட்டும் கலை இது. சீட்டு வித்தையும் இவ்வகையைச் சார்ந்ததே.

ஹௌதினி ஏமாந்த வித்தை

நாம் கற்பதற்கு ஏற்ற வித்தை ஒன்று உண்டு. சீட்டுக்கட்டின் மேல்சீட்டைத் திருப்பிக் காட்டுகிறோம். அது ஆட்டின் ராணி எனக் கொள்வோம். அதனை மீண்டும் கவிழ்த்து, எடுத்துக் கட்டின் நடுவில் செருகுகிறோம். கட்டை ஒருமுறை விரலால் தட்டுகிறோம். மேல்சீட்டைத் திருப்பினால், அங்கே மீண்டும் ஆட்டின் ராணி! எங்கே வைத்தாலும் மேலேயே ஏறிவருவதால் இதற்குப் 'பேராவல் கொண்ட சீட்டு' என்னும் பொருள்படும்படி மேனாட்டார் பெயரிட்டுள்ளனர்.

எந்த வித்தையையும் மூன்றுமுறை கண்டால் அதன் மறைபொருளைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று ஹாரி ஹௌதினி பெருமிதம் கொண்டிருந்தார். 1922இல் சிகாகோ நகரில், டாய் வெர்னான் என்னும் இளைஞர், ஹௌதினி தம் கையால் குறியிட்ட சீட்டைக் கொண்டு இவ்வித்தையின் ஒரு வடிவத்தைச் செய்து காட்டினார். மூன்றுமுறைக்கு மேலும் கண்டும் ஹௌதினியால் விடை கூற இயலவில்லை.

வித்தையின் உட்பொருள் எளியது. தொடக்கத்தில் நாம் திருப்பிக் காட்டியது ஒரு சீட்டன்று. ஒன்றோடொன்று பிசகாமல் ஒட்டிவரும் இரு சீட்டுகள். எனவே காட்டப்பட்ட ராணி உண்மையில் இரண்டாம் சீட்டு. இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்தபின், மேலே உள்ள வேறொரு சீட்டை எடுத்து நடுவில் செருகுகிறோம். ராணி எங்கும் போகவில்லை. ஆதலால் அது திரும்பிவரவும் வேண்டியதில்லை.

கற்கும் முறை

அறிந்துகொள்ள அரை நிமிடம் போதும். செய்து காட்டுவதற்கோ பல வாரங்கள் ஆகும். முதற்படி, கட்டை இடக்கையில் பங்கிடுவதற்குப் பிடிப்பதுபோல் இயல்பாகப் பிடித்தல். அடுத்து, மேலிரண்டு சீட்டுகளுக்குக் கீழே சுண்டுவிரல் நுனியின் சதையால் மயிரிழை அளவு இடைவெளியை நிறுத்தி வைத்தல். எதிரில் இருப்பவருக்கு அவ்விடைவெளி தெரியலாகாது. பின்னர் வலக்கையின் பெருவிரலும் நடுவிரலும் இரு சீட்டுகளையும் ஒன்றெனப் பற்றித் திருப்ப வேண்டும். விளிம்பு சிறிது விலகினாலும் வித்தை கெட்டுவிடும்.

இங்குப் பழகுவோர் பெரும்பாலும் ஒரு தவறு செய்கின்றனர். இரு சீட்டுகளைத் திருப்புவதை நூறுமுறை பழகுவர். ஒரு சீட்டைத் திருப்புவதைப் பழகுவதில்லை. நல்லாசிரியர்கள் தலைகீழாகத் தொடங்கச் சொல்வர். முதலில் எவ்வித வஞ்சனையுமின்றி ஒரே சீட்டைப் பலமுறை திருப்பி, நம் கை இயல்பாக எவ்வாறு இயங்குகிறது எனக் கவனிக்க வேண்டும். அவ்வியல்பான அசைவுக்கு இரு சீட்டு அசைவைப் பொருத்த வேண்டும். மெய்யை நன்கு அறிந்தவரே பொய்யை அதற்கு ஒப்பச் செய்ய முடியும்.

கண்ணாடி முன் பழகுவது நன்று. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. மறைவான செயல் நிகழும் கணத்தில் பழகுபவர் தம்மை அறியாமலேயே கண் இமைத்துவிடுவர். தம் பிழையைத் தாமே காணாமற் போவர். கைப்பேசியில் படம்பிடித்துப் பார்த்தால் அப்பிழை தப்பாது.

மதிப்பிடும் முறை

வித்தை வந்துவிட்டது என்று எப்போது கூறலாம்? கை மிக விரைவாக இயங்குகிறதா என்பது அளவுகோல் அன்று. 'கை கண்ணை முந்துகிறது' என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் விரைவு ஐயத்தையே கிளப்பும். நாம் கேட்க வேண்டிய வினாக்கள் வேறு.

முதலாவது, ஒவ்வோர் அசைவுக்கும் காண்பவர் ஏற்கத்தக்க காரணம் உண்டா? திருப்பிய சீட்டை மீண்டும் கட்டின் மேல் கவிழ்த்துவைப்பது ஏன் என்னும் வினா அவர் மனத்தில் எழுமாயின், கை எத்துணைத் தூய்மையாக இயங்கினும் பயனில்லை.

இரண்டாவது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வித்தை நிற்கிறதா? நேரெதிரே இருப்பவருக்கு மறைந்திருக்கும் இடைவெளி, பின்னால் நிற்கும் குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவதே முதன்மையானது: மறுநாள் அவர் அதனை எவ்வாறு விவரிக்கிறார்? வித்தை கண்டவரை மறுநாள் நடந்ததைச் சொல்லச் சொன்னால், 'ராணியை நடுவில் வைத்ததை என் கண்ணால் கண்டேன்' என்று உறுதியாகக் கூறுவார். அவர் கண்டது முதுகு காட்டிய ஏதோ ஒரு சீட்டை மட்டுமே. 'அது ராணி' என்பது கண்டதன்று. முன்னர் ஏற்றுக்கொண்ட ஒன்றிலிருந்து மனம் கூட்டிச் சேர்த்தது. இவ்வாறு சேர்த்துச் சொல்வாராயின் வித்தை வென்றது. 'நீ ஏதோ செய்துவிட்டாய்' என்று மட்டும் சொல்வாராயின், இன்னும் பழக வேண்டும்.

இதனை உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். கூன் என்னும் ஆய்வாளரும் அவர்தம் உடனாய்வாளரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாயவித்தைக்காரர் பந்தை இருமுறை மேலே எறிந்து பிடித்தார். மூன்றாம் முறை எறிவதுபோல் பாவனை மட்டும் செய்தார். அவர் தம் பார்வையையும் மேலே செலுத்தியபொழுது, கண்டவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பந்து மேலே சென்றதைக் 'கண்டதாக'க் கூறினர். அவர்களுடைய கண்ணசைவுகளை அளந்தபொழுது, கண்கள் அவ்வெற்றிடத்தை நாடிச் செல்லவேயில்லை என்பது புலனாயிற்று. கண் ஏமாறவில்லை, மனமே ஏமாந்தது.

சீட்டு வித்தையிலும் இதுவே நிகழ்கிறது. கட்டைத் தட்டும் கணத்தில் அனைவரும் கூர்ந்து நோக்குகின்றனர். ஆனால் செய்ய வேண்டியது அதற்கு வெகு முன்பே, எவரும் பொருட்படுத்தாத தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்றே: 'காட்டப்பட்டது மேல்சீட்டுத்தான் என்பது நமக்கு எவ்வாறு தெரியும்?'

ஒரே கை, இரு தொழில்

சீட்டு வித்தைக்காரர்கள் இன்றும் பாடநூலாகப் போற்றும் ஒரு நூல் 1902இல் சிகாகோவில் வெளிவந்தது. எர்ட்னேஸ் என்னும் புனைபெயரில் எழுதப்பட்ட அந்நூலின் பெரும்பகுதி சூதாட்ட மேசையில் ஏமாற்றும் முறைகளையே விளக்குகிறது. ஒரே கைத்திறன் கலைக்கும் களவுக்கும் பொது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. வித்தைக்காரர் தாம் ஏமாற்றப்போவதை முன்னரே அறிவிக்கிறார். சூதர் அதனை மறைக்கிறார். வேறுபாடு அவ்வளவே.

நம் திருவிழாக்களிலும் பேருந்து நிலையங்களிலும் பலரைக் கையறு நிலைக்கு ஆளாக்கிய 'மூணு சீட்டு' இதற்குச் சான்று. சூதர் ஒரு கையில் இரு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, கீழ்ச்சீட்டை எறிவதுபோல் மேற்சீட்டை எறிவார். கண் பின்தொடர்ந்த சீட்டு வேறாகிவிடும். ஆயினும் கைத்திறன் மட்டும் இச்சூதை நடத்துவதில்லை. கூட்டத்தில் நின்று தொடர்ந்து வெல்பவர் சூதரின் கூட்டாளி. சூதர் பாராதபொழுது ராணியின் முனையைச் சிறிது மடித்து, நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுபவரும் கூட்டாளியே. மறைபொருளைத் தாம் அறிந்துவிட்டதாக எண்ணித் துணிந்து பணம் வைப்பவர், மடிப்பு வேறொரு சீட்டுக்கு மாறியிருப்பதைப் பின்னரே காண்பார். அவரை வீழ்த்தியது அறியாமையன்று. தமக்கு மட்டுமே தெரியும் என்னும் எண்ணம்.

கைப்பேசியில் மேல்சீட்டு

இன்று அச்சூதர் கைப்பேசி வழியாக வருகிறார். நம் பெயரையும் கணக்கின் கடைசி நான்கு எண்களையும் கூறி, 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்கிறார். அதுவே திருப்பிக் காட்டப்பட்ட மேல்சீட்டு. அதனை ஏற்றுக்கொண்டபின், அவர் கேட்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பற்றி எத்துணை விழிப்பாக இருப்பினும் பயன் குறைவு. முதலீட்டுக் குழுக்களில் நாள்தோறும் இலாபக் கணக்கைப் பதிவிடுவோர், வென்றுகொண்டேயிருக்கும் அக்கூட்டாளிகள். 'உங்களுக்கு மட்டும்' என வரும் உட்செய்தி மடித்துவைத்த முனை. 'உடனே செய்யாவிடில் கணக்கு முடங்கும்' என்னும் அச்சுறுத்தலோ, கட்டைத் தட்டும் விரல்.

ஆகவே விழிப்பு முதற்சொல்லிலேயே தொடங்க வேண்டும். அழைப்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்போம். பணம் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண் தேவையில்லை என்பதை நினைவிற் கொள்வோம். 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை.

ஏமாந்துவிட்டால் நாணித் தாமதிக்கலாகாது. 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறையின்றி மூன்றாம் தரப்பால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. இரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சாரும். தெரிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும். எந்நிலையிலும் விரைந்து தெரிவிப்பது நமக்கே நன்மை.

இத்தனை அறிவுரைகளையும் படித்து மறப்பதைவிட, ஒரு சீட்டுக்கட்டை வாங்கி வீட்டுப் பிள்ளைகளுடன் இவ்வித்தையைப் பழகிப் பார்ப்பது மேல். முதலில் நாம் ஏமாறுவோம். பிறகு ஏமாற்றப் பழகுவோம். இறுதியில் தாத்தாவும் பாட்டியும் ஏமாறுவதைக் கண்டு சிரிப்போம். அச்சிரிப்பு அடங்கியதும் 'எந்த இடத்தில் நம்பினீர்கள்?' என்று அவர்களைக் கேட்போம். அவர்கள் யோசித்துச் சொல்லும் விடையைப் பிள்ளைகளும் கேட்கட்டும்.